குரல் மாறிய கோஷ்டி

கொடிகாமத்தில் 1990களின் தொடக்கத்தில் ஒரு பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் கை நோக வேண்டும். 1990இல் யுத்தம் மறுபடி மூண்டதும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றுபோனது. பற்றரி, தடை செய்யப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஏறியது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பின் சில்லில் டைனமோவைச் சாய்த்துவிட்டு, பெடலைக் கையால் சுற்றுவோம். டைனமோவிலிருந்து வரும் வயர் ரேப் ரெக்கோடருக்குப் போகும். ஒரே சீராகச் சுற்றினால் பாட்டு பாட்டாக வரும். கை சோர்ந்தால் குரல் தடித்து, கிணற்றுக்குள்ளிருந்து யாரோ பாடுவது போல ஆகிவிடும். "பாட்டு இழுபடுது, கெதியாச் சுத்தடா" என்று திண்ணையிலிருந்து ஒரு சத்தம் வரும். அப்படிச் சுற்றிச் சுற்றி நாங்கள் கேட்ட குரல்களில் முதன்மையானது ஈழத்து எழுச்சிப் பாடகர் எஸ்.ஜி. சாந்தனுடையது. இழுபட்டாலும் அவர்தான் என்று தெரியும். வேகம் கூடிக் கீச்சிட்டாலும் தெரியும்.

சாந்தன் 2017 பெப்ரவரி 26ஆம் திகதி யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் காலமானார். அவர் தனி ஆளாக மட்டும் மேடை ஏறியவர் அல்லர். அவர் பெயரிலேயே ஓர் இசைக்குழு இருந்தது, பாடகர்களான பிள்ளைகள் இருந்தார்கள். செத்தவீட்டுப் பேச்சு அடங்க முன்னரே கொடிகாமம் சந்தைப் பக்கத்துத் தேநீர்க் கடைகளில் இந்தக் கேள்வி எழுந்துவிட்டது. இனி அந்தப் பாட்டுகளை மேடையில் யார் பாடுவது? அவர் இல்லாமல் அவர் பெயரில் ஒரு குழு நடக்கலாமா? நடக்கவே கூடாது என்றார்கள் சிலர். நடக்காவிட்டால்தான் பிழை என்றார்கள் வேறு சிலர். இரண்டு பக்கத்தாரும் கண்கலங்கித்தான் பேசினார்கள். ஆகவே, எடுத்தெறிந்து முடிவு சொல்லக்கூடிய கேள்வி இல்லை இது.

உலகம் முழுக்க உள்ள ரொக் இசைக்குழுக்களைச் சுற்றி அரை நூற்றாண்டாக நடக்கும் வழக்கும் இதேதான். பெயர்பெற்ற பாடகர் இறந்துபோகிறார், அல்லது விலகிப்போகிறார். கிற்றார்காரர் இருக்கிறார், ட்ரம்ஸ்காரர் இருக்கிறார், பாட்டுகள் இருக்கின்றன. பெயர்ப்பலகையை இறக்குவதா, புதிய குரலைத் தேடுவதா?

இதற்கு விடை தேட நான் முதலில் எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்குத்தான் போவேன். சுவாமி வெளிவீதி சுற்றி இருப்புக்கு வந்த பிறகு, கோயில் முன்றிலில் மேடை போட்டு விடியும்வரை பாட்டுக்கோஷ்டி நடந்த காலம் ஒன்று இருந்தது. அந்தக் கோஷ்டிகளில் பாடகருக்கு இருந்த இடம் விசித்திரமானது. ஒருவரை "ரி.எம்.எஸ். குரல்" என்பார்கள், இன்னொருவரை "பி.பி.எஸ். குரல்" என்பார்கள். எழுபதுகளுக்குப் பிறகு "பாலு குரல்" இல்லாத கோஷ்டியை எந்த உபயகாரரும் பிடிக்க மாட்டார். பெண் குரலுக்கு ஒருவர் கிடைப்பது அரிது. கிடைத்தால் அந்தக் கோஷ்டிக்கு ஒரு பருவம் முழுக்க ஓய்விருக்காது. ஆக, பாடகர் முதலிலேயே இன்னொருவருக்குப் பதிலாகத்தான் மேடையில் நின்றார். ரி.எம். சௌந்தரராஜன் சென்னையில் இருந்தார்; அவருடைய நாற்காலி எங்கள் மேடையிலும் ஒன்று போடப்பட்டிருந்தது. அதில் இன்று ஒருவர், அடுத்த வருடம் வேறொருவர். கோஷ்டிகளின் பெயரைப் பார்த்தாலும் இது விளங்கும். யாழ்ப்பாணத்தில் புகழோடு விளங்கிய கண்ணன் கோஷ்டி, பாடியவர் பெயரால் வழங்கவில்லை. இசையைக் கட்டி நடத்திய இசைவாணர் கண்ணனின் பெயரால் வழங்கியது. அப்படிப்பட்ட குழுவில் ஒரு குரல் மாறினால் சனம் இரண்டு நாள் ஒப்பிட்டுப் பேசும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

இசைநாடகத்தில் இந்த வழக்கம் இன்னும் பழையது. தமிழகத்தில் "ஸ்பெஷல் நாடகம்" என்று சொல்வார்களே, அதில் நிலையான குழு என்று ஒன்றே கிடையாது. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னோர் ஊரிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் மூன்றாவது ஊர். பாடமும் பாட்டும் எல்லாருக்கும் மனப்பாடம். ஒத்திகை இல்லாமலே அன்றிரவு நாடகம் நடக்கும். நடிகர்கள் வந்து போவார்கள், வேடம் நிற்கும்.

ஆனால் ஈழத்தில் அந்த வழக்கத்தையே உலுக்கிய ஒருவர் இருந்தார்: காங்கேசன்துறை வசந்தகான சபாவின் நடிகமணி வி.வி. வைரமுத்து. 1924இல் பிறந்து 1989இல் மறைந்தவர். அவருடைய அரிச்சந்திர மயான காண்டத்தைப் பார்ப்பதற்கு வண்டில் கட்டிக்கொண்டு போன தலைமுறையோடு பேசியிருக்கிறேன். அவர்கள் "அரிச்சந்திரா பார்க்கப் போனோம்" என்று சொல்வதே இல்லை, "வைரமுத்து பார்க்கப் போனோம்" என்றுதான் சொல்வார்கள். கதை தெரியும், முடிவு தெரியும், பாட்டும் தெரியும். போனது அந்தக் குரலுக்காக. அவருக்குப் பிறகும் வடக்கில் மயான காண்டம் நடந்தது, இன்றும் நடக்கிறது. அவருக்குப் பின் சுடலை காத்த ஒவ்வோர் அரிச்சந்திரனும் வைரமுத்துவோடு ஒப்பிடப்பட்டுத்தான் நின்றான். என்றாலும் வேடம் அவரோடு அடைபட்டுப் போகவில்லை. சனம் ஒப்பிட்டது, குறை சொன்னது, பிறகும் பாய் எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் இருந்தது. நான் இதைப் பெரிய விடயமாக நினைக்கிறேன். ஒப்பிடுவதும் தொடர்ந்து கேட்பதும் ஒன்றையொன்று அடிக்க வேண்டியதில்லை என்று எங்கள் சனத்துக்கு ரொக் இசை வருமுன்னரே தெரிந்திருக்கிறது.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. சினிமாப் பாட்டைப் பாடும் கோஷ்டிக்கும் வழிவழியாக வந்த நாடகத்துக்கும் பொருந்துவது, தன் பாட்டைத் தானே ஆக்கிப் பாடும் குழுவுக்குப் பொருந்துமா? அங்கே பாட்டும் குரலும் ஒரே நேரத்தில் பிறக்கின்றன. கேட்பவன் காதில் இரண்டும் ஒட்டிப்போகின்றன. ரொக் குழுக்களின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

அவுஸ்திரேலியாவின் ஏசி/டிசி குழுவின் பாடகர் பொன் ஸ்கொட் 1980 பெப்ரவரி 19ஆம் திகதி இறந்தார். அவருக்கு வயது 33. குழுவைக் கலைத்துவிடலாமா என்று யோசித்தார்கள். பிறகு இங்கிலாந்தின் நியூகாசில் பக்கத்திலிருந்து பிரயன் ஜோன்சனைக் கூட்டிவந்தார்கள். அதே வருடம் யூலையில், ஐந்தே மாதத்தில், அடுத்த இசைத்தொகுப்பு வெளிவந்தது. துக்கத்துக்காக அட்டை முழுவதும் கறுப்பு. முதற் பாட்டு மணியோசையோடு தொடங்கியது. உலகில் மிக அதிகமாக விற்ற இசைத்தொகுப்புகளில் அதுவும் ஒன்றாகியது. அவசரப்பட்டார்கள் என்று அவர்களைக் குறை சொல்லலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் ஊரில் எட்டுச் செலவு முடித்து மறுநாள் தோட்டத்தில் இறங்குகிறவனைப் போலத்தான் அவர்கள் வேலையில் இறங்கினார்கள். செத்தவனின் பழைய பாட்டுகளைப் பிரதி பண்ணிக் காட்டச் சொல்லி ஜோன்சனைக் கேட்காமல், புதிய பாட்டுகளை அவர் குரலுக்கு அமைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குழு பிழைத்ததற்கு நான் காணும் காரணம் இதுதான்.

ஜெனசிஸ் குழுவுக்கு இந்தச் சோதனை இரண்டு முறை வந்தது. 1975இல் பீற்றர் கேப்ரியல் விலகியபோது வெளியே பலரைப் பாடவைத்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ட்ரம்ஸில் இருந்த பில் கொலின்ஸையே முன்னுக்கு நிறுத்தினார்கள். குழு முன்னரைவிடப் பெரிதாக வளர்ந்தது. 1996இல் கொலின்ஸும் போனார். வெளியிலிருந்து ரே வில்சன் வந்தார். 1997இல் ஓர் இசைத்தொகுப்பு வந்தது, அத்தோடு நின்றுபோனது. வில்சன் கெட்டிக்காரர்தான். ஆனால் கொலின்ஸ் அதே அடுப்படியில் இருந்து வந்த ஆள், வில்சன் விருந்தாளி. உள்ளேயிருந்து எழும் குரலுக்குக் கேட்பவன் கொடுக்கும் தவணையை வெளியிலிருந்து வரும் குரலுக்குக் கொடுப்பதில்லை.

அமெரிக்காவின் ஜேர்னி குழு இதை மறுக்கும் சாட்சி. அதன் கிற்றார்காரர் நீல் ஷோன் 2007இல் இணையத்தில் ஒரு பாடகனைத் தற்செயலாகக் கண்டார். மணிலாவில் பிறர் பாட்டுகளைப் பாடிப் பிழைத்துக்கொண்டிருந்த ஆர்னல் பினெடா. சின்ன வயதில் தெருவில் படுத்துறங்கியவர். ஸ்டீவ் பெரி பாடிப் புகழ்பெற்ற பாட்டுகளை அச்சொட்டாக அதே குரலில் பாடினார். அவரைக் கூப்பிட்டுத் தங்கள் பாடகராக்கினார்கள். எங்கள் பழைய "பாலு குரல்"காரருக்கு ஒருநாள் பாலுவின் மேடையிலிருந்தே அழைப்பு வந்தால் எப்படி இருக்கும்! அந்தக் கதையைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நல்ல குரல் இருந்தும் திருவிழா மேடைக்கு அப்பால் போக வழியில்லாமல், கடை நடத்தியும் மேசன் வேலை செய்தும் வாழ்நாளைக் கழித்த எத்தனை பேரை இந்தத் தென்மராட்சி மண் கண்டிருக்கிறது.

குயீன் குழு வேறொரு வழியைக் கண்டது. பிரெடி மெர்க்குரி 1991 நவம்பர் 24ஆம் திகதி மறைந்தார். 2004 தொடக்கம் 2009 வரை போல் ரொஜர்ஸோடும், 2011இலிருந்து அடம் லம்பேர்ட்டோடும் எஞ்சியவர்களில் இருவர் மேடை ஏறினார்கள். ஆனால் பெயர்ப்பலகையில் வெறுமனே குயீன் என்று போடவில்லை. குயீன், ஒரு கூட்டல் குறி, பிறகு வந்த பாடகரின் முழுப் பெயர். அந்தக் கூட்டல் குறியை நான் மிகவும் மதிக்கிறேன். போனவரின் இடம் நிரம்பிவிட்டதாக அது பாவனை செய்யவில்லை, வந்தவரைக் கூலிக்கு வந்தவராகவும் ஆக்கவில்லை. ஜோய் டிவிஷன் குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அவர்களின் பாடகர் இயன் கேர்ட்டிஸ் 1980 மே மாதத்தில் இறந்ததும் பழைய பெயரையே விட்டுவிட்டு, நியூ ஓர்டர் என்ற புதுப் பெயரில் புது வகையான இசையோடு வந்தார்கள். லிங்கின் பார்க் 2017 யூலையில் செஸ்ரர் பெனிங்டனை இழந்து, ஏழு வருடம் பொறுத்து, 2024இல் எமிலி ஆர்ம்ஸ்ட்ரோங் என்ற பெண் குரலோடு திரும்பியது. ரசிகர்கள் இன்றும் இரண்டு பட்டு நிற்கிறார்கள். ஆண் குரலின் இடத்தில் பெண் குரலை வைத்ததால் ஒரு நன்மை உண்டு, பிரதியெடுக்கும் ஆசைக்கு அங்கே இடமே இல்லாமல் போய்விட்டது.

பாடகர் போனால் மட்டும்தான் குழு கலைய வேண்டுமா என்றும் கேட்க வேண்டும். லெட் செப்பலின் குழுவினர் 1980இல் கலைத்துக்கொண்டது ட்ரம்ஸ்காரர் ஜோன் பொனம் இறந்ததற்காக. பாடகர் உயிரோடும் குரலோடும் இருந்தார். மேல்நாட்டு ரசிகர் பலருக்கு இது அதிசயமாகப் படலாம், யாழ்ப்பாணத்தானுக்குப் படாது. அளவெட்டித் தவில் மேதை தட்சணாமூர்த்தி 1975இல் தமது 42ஆவது வயதில் மறைந்தபோது, நாதஸ்வரம் வாசிக்க எத்தனையோ பேர் இருந்தும் பலருக்குத் திருவிழாவே வெறிச்சோடிப் போனது. முன்னால் நிற்பவர்தான் குழுவின் உயிர் என்பது மைக் வந்த பிறகு வந்த எண்ணம்.

நம் பக்கத்தில் எனக்கு மிகவும் பாடம் சொன்ன உதாரணம் டில்லியின் இந்தியன் ஓசன் குழு. அசீம் சக்ரவர்த்தி மேடையில் சப்பாணி கட்டி இருந்து, தபேலாவை வாசித்தபடியே பாடுவார். 2009 டிசம்பர் 25ஆம் திகதி அவர் மறைந்தார். அப்போது கரோல்பாக்கில் தாங்கள் பயிற்சி செய்துவந்த பழைய வீட்டின் முகவரியையே தலைப்பாக வைத்து அந்தக் குழு ஓர் இசைத்தொகுப்பைப் பதிவு செய்து முடித்திருந்தது. அசீமின் குரல் இருந்த அந்தப் பாட்டுகளை 2010இல் மாதம் ஒன்றாக, காசு வாங்காமல், எல்லாரும் இறக்கிக் கேட்கும்படி வெளியிட்டார்கள். அவர் இடத்துக்கு ஒருவரைத் தேடவுமில்லை. தபேலாவுக்குத் துகின் சக்ரவர்த்தி, பாட்டுக்கு ஹிமான்ஷு ஜோஷி என்று இரண்டு பேர் வந்தார்கள். ஓர் ஆள் செய்துவந்த வேலைக்கு இரண்டு ஆள் தேவைப்பட்டது என்று ஊரறிய ஒப்புக்கொண்டதைவிட ஒரு கலைஞனுக்குப் பெரிய அஞ்சலி வேறென்ன இருக்கிறது?

தெற்கே ஜிப்சீஸ் குழுவின் சுனில் பெரேரா 2021 செப்டெம்பர் 6ஆம் திகதி மறைந்தபோது, சிங்களம் சரியாகத் தெரியாத எங்கள் ஊர்ப் பெடியள்கூடக் கவலைப்பட்டார்கள். தகப்பன் அன்ரன் பெரேரா பிள்ளைகளைச் சேர்த்துத் தொடக்கிய குழு அது. சுனிலுக்குப் பிறகு தம்பி பியல் பெரேராவின் தலைமையில் அது தொடர்கிறது. குடும்பத்துக்குள் நடக்கும் மாற்றத்தைச் சனம் இலகுவாக ஏற்கிறது. ரத்தம் ஓர் உரிமைப் பத்திரம் போல வேலை செய்கிறது.

அந்த இலகுவிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. அப்பாவின் குரல் மகனுக்கு வந்தால் "அப்படியே அப்பா" என்று மெச்சுகிறோம். மெச்சுகிறோம் என்ற நினைப்பில் அந்தப் பிள்ளையின் தொண்டையை ஒரு பழைய கசற்றுக்குள் அடைக்கிறோம். பிரதி எடுப்பதில் கெட்டிக்காரனான பாடகன் நாற்பது வயதுக்குப் பிறகும் இன்னொருவரின் இருபது வயதுக் குரலைத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். இதற்குக் குற்றவாளி அவன் இல்லை, முன்வரிசையில் இருக்கும் நாங்கள்தான்.

இனி சாந்தனின் பாட்டுகளுக்கு வருகிறேன். இதுவரை சொன்ன எந்த உதாரணமும் அவற்றுக்கு முழுதாகப் பொருந்தாது. அவர் பாடியவற்றில் பலவற்றை எழுதியவர் கவிஞர் புதுவை இரத்தினதுரை. இசைவாணர் கண்ணன் உட்பட எங்கள் மண்ணின் இசையமைப்பாளர்கள் அவற்றுக்கு இசை அமைத்தார்கள். 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த பிறகு காணாமற்போன புதுவையைத் தேடுவோர் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். சாந்தனும் போய்விட்டார். 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் யாழ்ப்பாணமே நாவற்குழிப் பாலம் தாண்டி, கைதடி, சாவகச்சேரி, கொடிகாமம் என்று கண்டி வீதியில் நடந்து வந்தபோது, சிலர் பெட்டிக்குள் உடுப்போடு கசற்றுகளையும் கொண்டுவந்தார்கள். பிறகு அவற்றை வைத்திருப்பதே பயமான காலம் வந்தது. புதைத்தவர்களும் உண்டு, எரித்தவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டுச் சண்டையில் தென்மராட்சியே இடிந்து கிடந்தபோது மீதமிருந்தவையும் கூரையோடு போயின.

எழுதியவர் இல்லை, பாடியவர் இல்லை, பதிந்த நாடாக்களில் பாதியும் இல்லை. இந்த நிலையில் வேறு குரல் பாடக்கூடாது என்று தடை போட்டால், அந்தப் பாட்டு எங்கே போய் இருக்கும்? குயீன் குழு மேடை ஏறாவிட்டாலும் மெர்க்குரியின் பதிவுகள் எந்தக் காலத்திலும் அழியப் போவதில்லை. எங்களுக்கு அந்த வசதி இல்லை. எங்களிடம் பாட்டைப் பாதுகாத்தது தொண்டைதான். ஆகவே சாந்தனுக்குப் பிறகு அவர் பிள்ளைகளோ வேறு இளம் பாடகர்களோ அவர் பாட்டைப் பாடுவதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஈழத்தைப் பொறுத்தவரை குழு தொடர்வதுதான் சரி.

ஆனால் தொடரும் விதத்தில் எனக்கு வலுவான விருப்பு வெறுப்புகள் உண்டு. பழைய பாட்டோடு புதுப் பாட்டும் வர வேண்டும். பத்து வருடமாக ஒரு புதுப் பாட்டும் போடாத குழு, போனவரின் பெயரைத் தின்று வாழ்கிறது. சுருதியைப் புதுப் பாடகருக்குத் தக்கபடி இறக்கவோ ஏற்றவோ வேண்டும். மூலத்தில் அந்தக் கட்டையில்தான் இருந்தது என்று பிடிவாதம் பிடித்து, எட்டாத இடத்தில் ஒருவரைக் கதறவைப்பதை நான் பல மேடைகளில் பார்த்திருக்கிறேன். சம்பளமும் நியாயமாக இருக்க வேண்டும். "அவருடைய மேடையில் பாடக் கிடைத்ததே பாக்கியம்" என்று சொல்லி, வந்த பிள்ளைக்குப் போக்குவரத்துக் காசு மட்டும் கொடுத்தனுப்பும் வழக்கத்தை ஒழிக்க வேண்டும். குழுவை நிறுத்தச் சொல்பவர்களும் ஒன்றை யோசிக்க வேண்டும். ஒரு கோஷ்டியில் பாடகர் ஒருவர். கீபோட், ட்ரம்ஸ், தபேலா, கிற்றார், ஒலி அமைப்பு என்று பின்னால் பத்துக் குடும்பம். பெயர்ப்பலகை இறங்கினால் அந்த வீடுகளில் உலை இறங்கும்.

ஒரு சிறிய விடயம் பாக்கி இருக்கிறது. எங்கள் கோயில் திருவிழா நோட்டீஸை எடுத்துப் பாருங்கள். மேளக்காரர் பகுதியில் ஒவ்வொருவர் பெயரும் ஊரோடு அச்சில் இருக்கும். நாதஸ்வரம் இன்னார், தவில் இன்னார், எந்த ஊரார் என்ன பட்டம் பெற்றவர் என்பது வரை. ஒரு செற்றில் ஆள் மாறினால் நோட்டீஸில் பெயரும் மாறும், அதனால் யாருக்கும் ஏமாற்றம் இல்லை, யாரும் நிழலில் நிற்கவும் வேண்டியதில்லை. அதற்குக் கீழே "இரவு இன்னிசைக் கச்சேரி" என்று ஒரு வரி வரும். அங்கே குழுவின் பெயர் மட்டும்தான் இருக்கும். போன வருடம் கச்சேரி பார்க்க வந்த ஓர் அம்மா, நன்றாகப் பாடிய ஒரு பிள்ளையின் பெயரை என்னிடம் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவருக்கும் தெரியவில்லை. நோட்டீஸைப் பிரித்து, தெருவிளக்கு வெளிச்சத்தில் மேலும் கீழும் தேடினோம். தவில்காரர் ஐந்து பேரின் பெயர் இருந்தது. அடுத்த முறை நோட்டீஸ் அச்சுக்குப் போகுமுன், உபயகாரர் அந்த வரிக்குக் கீழே இன்னும் இரண்டு வரிக்கு இடம் விடட்டும்: பாட்டை முதலில் பாடியவர் பெயருக்கு ஒன்று, அன்றிரவு பாடப்போகும் பிள்ளையின் பெயருக்கு ஒன்று.